தேர்தலில் நின்ற ஓட்டக்காரன்

ஒரு காட்டில் ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். காடு என்றதும் அருவி, சிங்கம், குகை என்று எதிர்பார்க்காதீர்கள் குழந்தைகளே. இது முள்ளும் கள்ளியும் மண்டிய வறண்ட காடு. நடுவில் ஒரு குட்டை. குட்டையைத் தாண்டினால் ஒரு பெரிய பொட்டல். அவ்வளவுதான்.

அந்தப் பொட்டலில் செம்மூக்கி என்றொரு ஆள்காட்டிப் பறவை, கணவன் மஞ்சக்காலனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் கூழாங்கற்களைக் கொஞ்சம் ஒதுக்கி, கல்லோடு கல்லாக முட்டையிட்டு, மேலே உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் பக்கம் யார் வந்தாலும் காடே கேட்கும்படி கத்துவார்கள். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர்.

அதே பொட்டலில்தான் முறுக்குக்கொம்பன் என்ற வெளிமானும் இருந்தான். முறுக்கிவிட்ட கொம்பு, கருகருவென்று முதுகு, காற்று மாதிரிக் கால். ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் அவன்தான் முதல். அவனுக்கென்று ரசிகர் மன்றம்கூட உண்டு. தவிட்டுக்குருவிகள் கேள்விப்பட்டிருப்பீர்களே, தனியாக ஒன்றைப் பார்க்கவே முடியாது, கும்பலாக வந்து கும்பலாகவே கத்தும். அவைதான் மன்றம். அவன் பொட்டலில் கால் வைத்தால் போதும்.

"ஓடு! ஓடு! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கால் தானாகப் பறக்கும்.

இதில் செம்மூக்கிக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. ஓடத் தெரிந்தவன் ஓடுகிறான், கத்தத் தெரிந்தவை கத்துகின்றன.

ஆனால் போன கோடைப் பந்தயத்தில் ஒன்று நடந்தது.

பொட்டலின் குறுக்கே ஒரு கள்ளி வேலி. பந்தயத்தில் ஓடுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வேலியில் ஓரிடத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்கு நேர் பின்னால்தான் செம்மூக்கி முட்டையிட்டிருந்தாள். அன்று மஞ்சக்காலன் இரை தேடப் போயிருந்தான்; அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது, வேலிக்குள் புகுந்து ஒரு கருப்பு முதுகு பாய்ந்து போவதைக் கண்ணால் பார்த்தாள். கூட்டுக்கு வந்தால், முட்டை இருந்த இடத்தில் உடைந்த ஓடும் ஈரமும்தான் இருந்தன.

அந்தப் பக்கம் ஆடல் பாடல். முறுக்குக்கொம்பன் மறுபடியும் முதல்.

செம்மூக்கி அழுது முடித்துவிட்டு நேராக நீதிபதியிடம் போனாள். நீதிபதி ஆமையார், காரைப் புதருக்கு அடியில் இருந்தார்.

"ஐயா, அவன் குறுக்கு வழியில் ஓடி என் கூட்டை மிதித்துவிட்டான்."

ஆமையார் தலையை மெதுவாக வெளியே நீட்டினார். "எதிரி வந்திருக்கிறாரா?"

முறுக்குக்கொம்பனுக்குப் பதிலாக ஓணான் வந்திருந்தான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதும், யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் நிறத்துக்கு மாறுவதும்தான் ஓணானின் குணம். அன்று அவன் கருப்பாக இருந்தான்.

"என் கட்சிக்காரருக்குக் குளம்பில் வலி ஐயா. அதோடு, கள்ளி வேலியில் இடைவெளி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது."

"அப்படியா? வாய்தா," என்றார் ஆமையார். தலை உள்ளே போய்விட்டது.

அன்று மாலையே, வலிக்கிற அதே குளம்போடு, முறுக்குக்கொம்பன் முயல்களுக்குத் துள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த முறை போனாள். "பயிற்சி இருக்கிறது," என்றான் ஓணான். வாய்தா. அதற்கடுத்த முறை, "கொம்பு கூசுகிறது." வாய்தா. மழைக்காலம் வந்து குளம்புத் தடத்தையெல்லாம் அழித்துவிட்டுப் போனது. "தடம் எங்கே அம்மணி?" என்றான் ஓணான். வாய்தா.

இதற்கு நடுவில் இன்னொரு வழக்கும் இருந்தது. பந்தயத்தில் தன்னை முட்டித் தள்ளினான் என்று ஒரு முயல் போட்ட வழக்கு. அந்த முயல் ஒருநாள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது மன்றத்துக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிறது.

"நீயும் விட்டுவிடேன்," என்றது அது செம்மூக்கியிடம். "எத்தனை காலம்தான் அலைவாய்?"

"நீ உட்கார்ந்துவிட்டாய். எனக்கு உட்கார இடம் இல்லையே," என்றாள் அவள்.

அடுத்த கோடையும் வந்தது. செம்மூக்கி மறுபடியும் முட்டையிட்டாள். அதே இடைவெளிக்குப் பின்னால், அதே இடத்தில்.

"வேறு இடமா இல்லை?" என்று கேட்காத ஆள் இல்லை.

"மிதித்தவன் தன் வழியை மாற்றிக்கொள்ளட்டும். நான் ஏன் என் வீட்டை மாற்ற வேண்டும்?" என்பாள். மஞ்சக்காலன் ஒன்றும் சொல்லமாட்டான். அவள் முறை முடிந்தால் அவன் வந்து உட்காருவான், அவன் முறை முடிந்தால் அவள். ரொம்பப் பேசாத ஆள். உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஆளும்கூட.

அந்த நேரத்தில்தான் குட்டைத் தலைவர் பதவி காலியானது. கோடையில் யார் எப்போது தண்ணீர் குடிக்கலாம், எந்த நிலம் யாருக்கு என்பதையெல்லாம் தலைவர்தான் முடிவு செய்வார். பதவிக்கு எருமையண்ணன் நிற்பதாகச் சொல்லியிருந்தார். எருமையண்ணன் நல்லவர்தான், ஆனால் அவரைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை. எதற்குக் கைதட்டுவது? சும்மா நிற்பார்.

ஒரு காலை தவிட்டுக்குருவிகள் மரத்துக்கு மரம் பறந்து கத்தின: "முறுக்குக்கொம்பன் நிற்கிறார்! தேர்தலில் நிற்கிறார்! நம்ம வேகவேந்தன் நிற்கிறார்!"

குட்டைக்கரையில் கூட்டம் கூடியது. முறுக்குக்கொம்பன் கொம்பைச் சிலுப்பிக்கொண்டு பேசினான்.

"அரசியலுக்கு வருவேன் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. காடு அழைத்தது. வந்தேன்!"

"நான் இங்கேயேதான் இருந்தேன். காடு எப்போது அழைத்தது? என் காதில் விழவே இல்லையே," என்று முணுமுணுத்தாள் செம்மூக்கி.

"உஷ்!" என்றன தவிட்டுக்குருவிகள்.

"நான் தலைவரான அன்று மாலையே கள்ளி வேலி போகும்! பொட்டல் முழுவதும் பந்தயத் திடல் ஆகும்! முதல் வெற்றி ஓட்டத்தை நானே ஓடுவேன். நீங்கள் எல்லோரும் என் பின்னால் ஓடி வர வேண்டும்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. செம்மூக்கி மட்டும் தன் கூடு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பொட்டல் முழுவதும் என்றால்? போன வருஷம் ஒருவன் மிதித்தான். இந்த வருஷம் காடே மிதிக்கும்.

அவள் காரைப் புதருக்கு ஓடினாள். "ஐயா, அவன்மேல் வழக்கு இருக்கிறது. அவன் எப்படித் தலைவராக முடியும்?"

"வழக்குதான் இருக்கிறது. தீர்ப்பு இல்லையே," என்றார் ஆமையார்.

"தீர்ப்பு சொல்ல வேண்டியது நீங்கள்தானே?"

"அவசரப்படக் கூடாது அம்மா."

"சரி, அவன் தலைவரானபின் வழக்கு என்ன ஆகும்?"

ஆமையார் யோசித்தார். கோரையில் உட்கார்ந்திருந்த தும்பி பறந்து போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை யோசித்தார்.

"தலைவர்மேல் வழக்கு நடத்தும் வழக்கம் நம் காட்டில் இல்லை."

செம்மூக்கி கூட்டுக்குத் திரும்பினாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா?

"என்ன ஆச்சு?" என்றான் மஞ்சக்காலன்.

"நாளைக்கு அவன் தேர்தலில் நிற்கப் போகிறானாம்."

"நிற்பானா?" என்றான் மஞ்சக்காலன். "அவனுக்கு நிற்கத் தெரியுமா?"

செம்மூக்கி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒருமுறை பேசினாலும் ஒழுங்காகப் பேசுகிறானே இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் குழந்தைகளே, அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்தலில் நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பதுதான். குட்டைக்கரையில் ஒரு பாறை உண்டு. பதவி கேட்கிறவர்கள் காலையில் அதன்மேல் ஏறி, சூரியன் விழும்வரை நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், எது வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். பாறையை விட்டு இறங்கினால் பதவி இல்லை. சாயங்காலம் பாறைமேல் நிற்கிறவர்களில் ஒருவரைக் காடு தேர்ந்தெடுக்கும்.

மறுநாள் விடிந்ததும் எருமையண்ணன் பாறைமேல் ஏறி நின்றார். நின்றார் என்றால், நேற்றே அங்கே இருந்தவர் மாதிரி நின்றார்.

ஓணான் அவசர அவசரமாகக் கூட்டத்துக்கு முன்னால் வந்தான்.

"பெரியோர்களே, தாய்மார்களே! பாறையில் நிற்பதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம். நம் தலைவர் நிற்கப் பிறந்தவரா? ஓடப் பிறந்தவர்! அவர் பாறையைச் சுற்றி ஓடட்டும். நீங்கள் கண்குளிரப் பாருங்கள்!"

"ஆமாம், ஆமாம்!" என்றன தவிட்டுக்குருவிகள்.

"ஓணான் தம்பி," என்று ஒரு குரல் வந்தது. செம்மூக்கிதான். "ஓடுவதானால் தேர்தலில் ஓடுகிறார் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நேற்று முழுக்க மரத்துக்கு மரம் போய், நிற்கிறார் நிற்கிறார் என்று கத்தியது யார்?"

தவிட்டுக்குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நாம்தான் கத்தினோம்," என்றது ஒரு குட்டித் தவிட்டுக்குருவி. பக்கத்தில் இருந்தது அதன் தலையில் ஒரு கொத்துக் கொத்தியது.

"சொன்னால் சொன்னபடி நிற்கட்டுமே," என்றது ஒரு முள்ளம்பன்றி. முந்தினநாள் கத்தல் பொறுக்காமல் அதற்குத் தலைவலி.

வேறு வழி இல்லை. முறுக்குக்கொம்பன் ஒரே தாவலில் பாறைமேல் ஏறினான். அந்தத் தாவலுக்கே பாதிக் கூட்டம் மயங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான தாவல்தான்.

கேள்விகள் ஆரம்பமாயின.

"உங்களுக்குப் பிடித்த புல் எது?" என்றது மன்றத்து முயல்.

"ஏழைகள் தின்னும் புல்தான் எனக்கும் பிடிக்கும்!"

"ஆகா!"

"கொம்புக்கு என்ன பூசுகிறீர்கள்?"

"உங்கள் அன்பைத்தான்!"

"ஆகாகா!"

எருமையண்ணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொக்கு போய், "அண்ணே, குட்டையில் தண்ணீர் எதுவரைக்கும் தாங்கும்?" என்று கேட்டது.

"எல்லோரும் சேறாக்காமல் குடித்தால் மழை வரும்வரை தாங்கும். நான் உள்பட," என்றார் எருமையண்ணன்.

யாரும் கைதட்டவில்லை.

வெயில் ஏறியது. முறுக்குக்கொம்பனின் கால்கள் ஒன்றையொன்று மாற்றி மிதிக்க ஆரம்பித்தன. ஓடும்போது வலிக்காத குளம்பு நிற்கும்போது வலித்தது. அப்போதுதான் செம்மூக்கி பறந்து வந்து பாறைக்கு முன்னால் இறங்கினாள்.

"தம்பி, போன கோடைப் பந்தயத்தில் கள்ளி வேலி இடைவெளிக்குள் புகுந்து என் முட்டைகளை மிதித்தது நீதானே?"



"வழக்கு நீதிபதியிடம் இருக்கிறது," என்றான் முறுக்குக்கொம்பன். "அதைப் பற்றி நான் பேசக் கூடாது."

"பேசக் கூடாது என்று யார் சொன்னது? நீதிபதியிடம்தான் நீ வரவே இல்லையே. வந்திருந்தால் நான் இங்கே வந்து வெயிலில் நிற்பேனா?"

"இது எதிரிகளின் சதி!" என்றான் ஓணான்.

"சட்டப்படி எனக்கு எதிரி ஒரே ஒருவன்தான். இதோ பாறைமேல் நிற்கிறான். மிதித்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை. ஆமாம், இல்லை."

"அந்த வேலியில் இடைவெளி இருப்பதே எனக்குத் தெரியாது."

"அப்படியானால் என் முகத்தைப் பார்த்து, மிதிக்கவில்லை என்று சொல்."

முறுக்குக்கொம்பன் வானத்தைப் பார்த்தான். குட்டையைப் பார்த்தான். தன் நிழலைப் பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தவிட்டுக்குருவிகளுக்குப் பொறுக்கவில்லை. தங்கள் வேகவேந்தன் இப்படி விழிப்பதை அவை பார்த்ததே இல்லை.

"ஏய் ஆள்காட்டி! காட்டிக்கொடுக்கிறவளே! போ இங்கிருந்து!"

"என் பெயரே அதுதான்," என்றாள் செம்மூக்கி. "ஆளைக் காட்டுவதுதான் என் வேலை. நீங்கள் பார்க்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பதில் வரும்வரை நான் நகர மாட்டேன்."

நகரவும் இல்லை. மஞ்சள் கால்களை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்குக் களைப்பாக இருந்தது. வருஷம் முழுக்க நின்ற களைப்பு. ஆனால் இத்தனை காலம் நின்றவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பது பெரிதா?

மன்றத்துக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாத் தவிட்டுக்குருவிகளும் ஒன்றாகக் கிளம்பி, அவள் தலைக்கு மேலே வட்டமிட்டு, அவளை விரட்டுவதற்காகத் தொண்டை கிழியக் கத்தின:

"ஓடு! ஓடு! ஓடு!"

செம்மூக்கி ஓடவில்லை.

ஆனால் பாறைமேல் இருந்த கால்களுக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் தெரியும். குட்டியாக இருந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த சத்தம். காது கேட்டது, கால் பறந்தது. "தலைவரே, உங்களை இல்லை! அவளை! அவளை!" என்று ஓணான் அலறுவதற்குள், முறுக்குக்கொம்பன் பாறையிலிருந்து பாய்ந்து, குட்டையைத் தாண்டி, பொட்டலில் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

காடே எழுந்து நின்று பார்த்தது. அவன் வேலியைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. இப்படி அப்படித் தேடவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போகிறவன் தன் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கிற மாதிரி, நேராக அந்த இடைவெளிக்குப் போனான். இருப்பதே தெரியாது என்று இப்போதுதான் சொன்ன அதே இடைவெளிக்கு.

இடைவெளிக்குப் பின்னால் முட்டை. முட்டைமேல் மஞ்சக்காலன்.

"என்னங்க! எழுந்திருங்க!" என்று அலறிக்கொண்டே பறந்தாள் செம்மூக்கி.

மஞ்சக்காலன் எழுந்திருக்கவில்லை. சிறகை மட்டும் அகல விரித்து, வாயைத் திறந்து, பிறந்ததிலிருந்து பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே கத்தலாகக் கத்தினான்.

முறுக்குக்கொம்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் காடு முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

தாண்டினான்.

இடையில் எட்டுக்கால் பூச்சியின் வலை இருந்திருந்தால் அதுகூட அறுந்திருக்காது. கூட்டுக்கு மேலே ஒரு கருப்பு வில் மாதிரி வளைந்து, அந்தப் பக்கம் இறங்கி, நிற்காமல் போய்விட்டான். முட்டைகள் அப்படியே இருந்தன.

"என்ன தாண்டல்! என்ன தாண்டல்!" என்று தவிட்டுக்குருவிகள் கத்தின. சிலவற்றுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

செம்மூக்கி கூட்டின் ஓரத்தில் இறங்கினாள். முட்டைகளை ஒவ்வொன்றாக மூக்கால் தொட்டுப் பார்த்தாள்.

"தாண்ட முடிகிறதே," என்றாள் மெதுவாக. "அவனால் தாண்ட முடிகிறது, பார்த்தீர்களா? அன்றைக்கும் முடிந்திருக்கும். அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்."

மஞ்சக்காலன் சிறகைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு நிழல் கொடுத்தான்.

சூரியன் விழுந்தது. பாறைமேல் எருமையண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஆகவே அவர்தான் தலைவர். "கள்ளி வேலி இருக்கட்டும். பொட்டல் இருக்கிறபடி இருக்கட்டும்," என்றார். பிறகு, "நான் இனி இறங்கலாமா?" என்று கேட்டார். அவர் காலடியில் சேற்று நிறத்தில் ஏதோ தலையாட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் ஓணான்.

செம்மூக்கி கடைசியாக ஒருமுறை காரைப் புதருக்குப் போனாள்.

"ஐயா, இடைவெளி தெரியாது என்றவன் காடே பார்க்க அதற்குள் புகுந்து ஓடினான். இனிமேலாவது தீர்ப்பு சொல்வீர்களா?"

ஆமையார் தலையை நீட்டினார். "நானும் பார்த்தேன் அம்மா. நன்றாகவே பார்த்தேன். எதிரி வந்திருக்கிறாரா?"

"அவன்தான் ஓடிவிட்டானே!"

"அப்படியானால்," என்றார் ஆமையார், "அவர் வரட்டும். வாய்தா."

பொட்டலில் இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கோ தூரத்து மரத்தில் மன்றம் இன்னும் அந்தத் தாண்டலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த தேர்தலில் பாறையையே எடுத்துவிட வேண்டும் என்று யாரோ சொல்வதும் கேட்டது.

"தீர்ப்பு வந்ததா?" என்றான் மஞ்சக்காலன்.

"வாய்தா வந்தது. எழுந்திருங்கள், இனி என் முறை," என்று சொல்லிவிட்டு, செம்மூக்கி முட்டைகள்மேல் உட்கார்ந்தாள்.

நீதி: நன்றாக ஓடுகிறவனுக்குக் கைதட்டுங்கள், பதவியை, நின்று பதில் சொல்கிறவனுக்குக் கொடுங்கள்.